மணப்பாட்டுக் காற்றும் பிளாரன்ஸின் துப்பாக்கியும்

பிளாரன்ஸ் மூச்சைப் பிடித்தால் மணப்பாட்டில் காற்று நின்றுவிடும். அவள் மூச்சை விட்டதும் மறுபடி வீசும். குன்றின் மேல் இருக்கிற திருச்சிலுவைக் கோவிலிலிருந்து செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் வரைக்கும் இப்படித்தான். அதற்கு அப்பால் குலசேகரன்பட்டினத்திலும் உடன்குடியிலும் காற்று தன் பாட்டுக்கு அடிக்கும். அவள் ஊரில் இருந்தாலும் வெளியூருக்குப் போயிருந்தாலும் ஒன்றுதான். ஞானஸ்நானத்தின்போது தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை மூச்சடக்கியது என்றும், அதுவரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்த கோவில் சன்னல்கள் அப்படியே நின்றன என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூட நாட்களில் அவள் விக்கலை நிறுத்த மூச்சைப் பிடித்தால் கடற்கரையில் பையன்கள் விட்ட பட்டங்கள் விழும். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துவிட முடியும்? முத்துக்குளித்த வம்சம், மூச்சுக்குக் கேட்பானேன் என்று சிலர் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணம் பிளாரன்சுக்குப் பிடிக்காது. "எங்க வீட்ல ஒருத்தரும் முத்துக் குளிக்கல. எங்க தாத்தா கொழும்புல பீடிக்கடை வச்சிருந்தாரு" என்பாள்.

முப்பத்தாறு வயதில் அவளிடம் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி இருந்தது. திருச்செந்தூர் ஐஸ் பேக்டரியிலிருந்து ஐஸ்கட்டிகளை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மணப்பாட்டுக் கரைக்கு வந்துவிடுவாள். பொம்பளை வண்டி ஓட்டினால் ஐஸ் உருகிவிடும் என்று சொன்னவர்கள் பிறகு அவளிடமே ஐஸ் வாங்கினார்கள். புருஷன் பெனிஸ்டன் வெளிநாட்டுக் கப்பலில் இயந்திர அறை மோட்டார்மேன். ஆறு மாதம் கடல், ஆறு மாதம் வீடு. வீட்டில் இருக்கும்போது சமையல் அவன் பொறுப்பு. அந்த வருடம் செப்டம்பரில், சிலுவைத் திருவிழாவுக்கு வந்திருந்த பலூன் சுடும் கடையில் பிளாரன்ஸ் விளையாட்டாகத் துப்பாக்கியை எடுத்தாள். முதல் வரிசையில் ஒரு பலூன் மிச்சமில்லை. இரண்டாவது வரிசையிலும் மிச்சமில்லை. கடைக்காரன் குழல் வளைந்த வேறு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தான். அவள் வளைவைக் கணக்குப் பண்ணித் தள்ளிச் சுட்டாள். ஒவ்வொரு முறையும் திருவிழாக் கொடிகள் தொங்கின, ராட்டினக்காரனின் சுருட்டுப் புகை நேராக மேலே போனது. கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, "போதும்க்கா, பொழப்பு இருக்கு" என்றான். அன்றைக்குத்தான் தனக்கு என்ன வேண்டும் என்று பிளாரன்சுக்குத் தெரிந்தது. அதுவரை தனக்கென்று எதுவும் வேண்டும் என்று அவள் யோசித்ததில்லை. அதனால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

தூத்துக்குடியில் ரைபிள் கிளப் இருப்பதை விசாரித்துச் சேர்ந்தாள். அங்கே அவளோடு பேசிய முதல் ஆள் ஹிபா, காயல்பட்டினத்துக்காரி. கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள், மாநிலப் போட்டியில் சுட்டவள், வாப்பா துபாயில். போகிற வழிதானே என்று பிளாரன்ஸ் அவளைக் குட்டியானையில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினாள். பதினான்கு வயது வித்தியாசத்தை இரண்டு பேரும் ரோட்டிலேயே மறந்துபோனார்கள். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை. அதில் கறுப்பு வட்டம். வட்டத்தின் நடுவில் கடுகு மாதிரி ஒரு புள்ளி. நின்றபடியே சுட வேண்டும். பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்துக்கொண்டு, குழல் அசைவது அடங்கும் நேரத்தில் விசையை அழுத்த வேண்டும். பிளாரன்சுக்கு இது சுலபமாக வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. கிளப்பில் பொதுவாகக் கிடந்த துப்பாக்கி ஆறடி ஆண்பிள்ளைக்குச் செய்தது. அதன் கட்டை அவள் தோளில் பொருந்தாமல் அக்குளுக்குள் போனது, விசை செங்கல்லை இழுப்பதுபோல் இருந்தது. குழல் அடங்குவதற்கு அவள் நெடுநேரம் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணில் நட்சத்திரம் பறக்கும்வரை பிடித்தாள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை பிடித்தாள்.

ஆனி மாதம் வந்தது. அது மணப்பாட்டில் காற்றின் மாதம். அந்த வருடம் காற்று வருவதும் நிற்பதுமாக இருந்தது. கருவாடு காயவில்லை, ஈ மொய்த்தது. கடலில் பாராசூட் கட்டிச் சறுக்கி விளையாட வந்த வெள்ளைக்காரர்கள் நடுக்கடலில் தொப்பென்று விழுந்து, பிறகு பைபர் படகில் ஏறிக் கரைக்கு வந்தார்கள். காற்றாலை இறக்கைகள் ஓய்ந்து நின்றன, கிளம்பின, மறுபடி ஓய்ந்தன. காற்றாலைக் கம்பெனியின் மேனேஜர் சங்கரபாண்டியன் கோளாறு எங்கே என்று இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் டீக்கடையில் விசாரித்தார். டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் வந்தார். பெனிஸ்டன் போட்ட காப்பியைக் குடித்தார். கம்பெனி செலவிலேயே ஜெர்மனித் துப்பாக்கி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். உலகப் போட்டியில் சுடுகிறவர்கள் வைத்திருப்பது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு சின்ன ஏற்பாடு. வைகாசியிலிருந்து புரட்டாசிவரை அவள் துப்பாக்கியைத் தொடக்கூடாது.

"மாநிலப் போட்டி ஆடியிலதான சார் வருது?" என்றாள் பிளாரன்ஸ்.

"போட்டி எங்கம்மா போவுது? ஒரு வருசம் விட்டா அடுத்த வருசம். காத்து சீசன் போனா எங்களுக்குப் போச்சுல்லா."

"அடுத்த வருசமும் ஆடியிலதான சார் வரும்? நான் மூச்சு விடுததுக்கு உங்க ஆபீஸ்ல காலண்டர் போடுதியளோ?"

சங்கரபாண்டியன் பெனிஸ்டனைப் பார்த்தார். ஊரில் பலரும் பிளாரன்ஸிடம் பேச வேண்டியதைப் பெனிஸ்டனைப் பார்த்துப் பேசுவது வழக்கம். பெனிஸ்டன், "இன்னும் கொஞ்சம் காப்பி விடட்டுமா சார்?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கமிட்டி கூடியது. தலைவர் லூர்து பர்னாந்து பிளாரன்ஸின் அப்பாவோடு கடலுக்குப் போனவர், அவளைச் சின்னதிலிருந்து பார்த்தவர். கருவாட்டுக்காரிகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் பிளாரன்சுக்கு வலித்தது. ஊருக்காக ஒரு பொம்பளை ஒரு விளையாட்டை விடக்கூடாதா என்று லூர்து பர்னாந்து கேட்டார். அவள் எழுந்தாள். "மாமா, கருவாடு காயலங்குறது எனக்குத் தெரியும், அதுக்கு வருத்தப்படுதேன். ஆனா மூச்சு என்னுது. காத்து யாருதுன்னு நீங்க பேசி முடிச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மறுநாளிலிருந்து மணப்பாட்டுக் கரையில் அவளிடம் யாரும் ஐஸ் வாங்கவில்லை. அவள் வண்டியைத் திருப்பிப் பெரியதாழைக்கு ஓட்டினாள். பெரியதாழையில் அவளால் காற்று நிற்பதில்லை.

கிளப் துப்பாக்கியோடு மல்லுக்கட்டினால் பிளாரன்ஸின் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும், அவளுக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்று ஹிபா சொல்லிவிட்டாள். கையில் இருப்பதற்குள் எது வருமோ அது. தூத்துக்குடியில் வன்னியபெருமாள் அண்ணாச்சி கடையில்தான் விளையாட்டுக்கான ஏர் ரைபிள்கள் இருந்தன. அந்த வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை. அன்றைக்குப் பெனிஸ்டன் மணப்பாட்டுக் கடற்கரையில் போனோடு நின்றான். அது ஹிபாவின் யோசனை. துப்பாக்கி சுடுகிறவளுக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடைக்குள் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும், மீதி கடற்கரைக் கொடிமரத்தில் தெரியும் என்று அவள் சொன்னாள்.

அண்ணாச்சி முதலில் எடுத்து வைத்தது, மேலே பெரிய தொலைநோக்கி பூட்டிய கறுப்புத் துப்பாக்கி. தகரத்தைத் துளைக்கும் என்றார்.

"தகரத்த எதுக்குத் துளைக்கணும் அண்ணாச்சி? காகிதத்துல ஓட்டை விழுந்தா போதும்" என்றாள் ஹிபா. "அக்கா, பலம் நமக்கு வேண்டாம். ஒரே எடத்துல திரும்பத் திரும்ப விழணும், அதான் வேணும். இது ஸ்பிரிங். சுட்டதும் முன்னயும் பின்னயும் உதைக்கும். கத்துக்கிடுத கை கெட்டுப் போவும்."

பிளாரன்ஸ் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். குழல் அடங்க நேரமானது. "கொடி தொங்கிட்டு" என்றான் பெனிஸ்டன் போனில். "இன்னும் தொங்குது. ஏளா, இங்கன கருவாட்டுக்காரி ஒருத்தி என்னைய மொறைக்கா."

இரண்டாவது வெளிநாட்டுத் துப்பாக்கி, யாரோ சுட்டுப் பழகி விற்றுவிட்டுப் போனது. பட்டுப் போல இருந்தது. பிளாரன்ஸ் அதன் கட்டையைத் தடவியபோதே அதற்கு ஆசைப்பட்டுவிட்டாள். ஹிபா காற்றடைக்கும் சிலிண்டரைக் கழற்றி அடியில் அடித்திருந்த வருடத்தைப் பார்த்தாள். "ஆயுசு முடிஞ்சிட்டு. போட்டியில இத உள்ள விடமாட்டாவ. புது சிலிண்டர் வெளிநாட்டுலருந்துதான் வரணும், வாங்கப் போனா துப்பாக்கி வெலையில பாதி ஆவும்." வன்னியபெருமாள் அண்ணாச்சி அவளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாவதை அவராக எடுக்கவில்லை. அலமாரி மூலையில் நின்றதை ஹிபாதான் கேட்டாள். இந்தியாவில் செய்தது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வெளிறிய மரம், ஓரங்களில் ராவியது தெரிந்தது. ஆனால் தோள் கட்டையை நீட்டலாம், குறைக்கலாம். கன்னம் வைக்கும் பலகை ஏறி இறங்கியது. விசை விரல் பட்டதும் விழித்துக்கொண்டது. ஹிபா திருப்புளி வாங்கிக் கட்டையைக் குறைத்து, பலகையை ஏற்றி, "கண்ண மூடிக்கிட்டு தோள்ல வைங்கக்கா. இப்பம் தொறங்க" என்றாள். பிளாரன்ஸ் கண்ணைத் திறந்தாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டையின் புள்ளி நேர் எதிரே நின்றது. அவள் எதையும் தள்ளவில்லை, இழுக்கவில்லை. பாதி மூச்சை விட்டாள், பிடித்தாள், விசை விழுந்தது. தன் உடம்புக்கென்று யாரோ யோசித்துச் செய்த பொருளை வாழ்க்கையில் முதல்முறை தொட்டதுபோல் அவளுக்குக் கண் கலங்கியது.

"இன்னும் சுடலியா?" என்றான் பெனிஸ்டன்.

"சுட்டாச்சு."

"எப்பம்? கொடி அசைஞ்சிட்டேதான இருக்கு!"

அந்தத் துப்பாக்கியை வாங்கினாள். மணப்பாட்டில் காற்று இப்போதும் நின்றது, ஆனால் கண் சிமிட்டும் நேரம்தான். இறக்கைகள் அந்த இடைவெளியைத் தங்கள் சுழற்சியிலேயே கடந்துவிட்டன. கருவாடு காய்ந்தது. கார்த்திகையில் லூர்து பர்னாந்து வீட்டுக்கே வந்து, ஊர் அவளை மன்னித்துவிட்டதாகவும் இனிமேல் ஐஸ் கொண்டு வரலாம் என்றும் சொன்னார். "மன்னிக்கதுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன் மாமா? ஐஸ் வேணும்னா வேணும்னு கேளுங்க" என்றாள் பிளாரன்ஸ். அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "ஐஸ் வேணும்ளா" என்றார். அடுத்த நாள் கொண்டுபோனாள்.

முந்தின மாநிலப் போட்டி அவள் துப்பாக்கி வாங்குவதற்குள் முடிந்துபோயிருந்தது; அடுத்த வருட ஆடியில் போட்டி திருச்சியில் நடந்தது. வரிசையில் அவளுக்கு இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பெண், வலப்பக்கம் ஒரு காவல்துறைப் பெண். நடுப்புள்ளிக்குப் பத்து மதிப்பெண்; முதல் குண்டு ஒன்பதில் விழுந்தது. இரண்டாவது எட்டில், அடுத்தது ஏழில், அதற்கடுத்ததும் ஏழில். தான் அவசரப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, ஏன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. காற்று மாதம். மூச்சைப் பிடித்த நொடியே அவளுக்குக் கருவாட்டுக்காரிகளின் முகமும் சங்கரபாண்டியனின் முகமும் தெரிந்தன. சீக்கிரம், சீக்கிரம் என்று விரல் முந்திக்கொண்டது. ஒரு வருடமாக ஊருக்கு வாயால் இல்லை என்று சொல்லிவிட்டு, விரலால் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். துப்பாக்கியைத் தாழ்த்தித் தாங்கியில் வைத்தாள். பின்னால் நின்ற ஹிபாவுக்கு எதுவும் சொல்ல அனுமதி இல்லை. பிளாரன்ஸ் தண்ணீர் குடித்தாள், உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தாள், மறுபடி தோளில் வைத்தாள். இந்த முறை யாருக்காகவும் முந்தவில்லை. குழல் தானாக அடங்கும்வரை, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று பிடித்தாள். பத்து. அடுத்ததற்கும் அப்படியே பிடித்தாள். பத்து. சரியாக வரவில்லை என்றால் சுடாமல் இறக்கி, மறுபடி முதலிலிருந்து பிடித்தாள். நடுவர் கடிகாரத்தைக் காட்டும்வரை ஒரு குண்டையும் அவள் அவசரமாக விடவில்லை.

மணப்பாட்டில் அன்று காலை முழுக்கக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. காற்றாலைகள் எல்லாம் நின்றன. சங்கரபாண்டியன் இறக்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆட்களை மேலே ஏறிக் கிரீஸ் போடச் சொன்னார். கரையில் ஆட்கள் கூடினார்கள். வைவதற்குத்தான் கூடினார்கள் என்று பெனிஸ்டன் நினைத்தான். ஆனால் கொடி தொங்கும்போதெல்லாம் பேச்சு நின்றது, கொடி அசைந்ததும் எல்லோரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். ஒருமுறை கொடி நெடுநேரம் தொங்கி, அவள் சுடாமலே மூச்சை விட்டுவிட்டதுபோல் அசைந்தபோது, அவனை முன்பு முறைத்த அதே கருவாட்டுக்காரி, "எறக்கிட்டா. நல்லதுக்குத்தான். மறுபடி புடிப்பா" என்றாள்.

தேசியப் போட்டிக்குத் தகுதியாக வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேலே இரண்டு எடுத்திருந்தாள். பதக்கம் எதுவும் இல்லை. போன் வந்ததும் பெனிஸ்டன் அதை எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தான்.

"காத்து அங்கன எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

"இப்பம் அடிக்கி. காலையில சுத்தமா இல்ல."

"இருக்காது. நான் சுட்டுக்கிட்டு இருந்தேம்லா."

இப்போதெல்லாம் மணப்பாட்டில் சாயங்காலம் திடீரென்று காற்று நின்றால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். கருவாட்டுக்காரிகள் பனையோலை விசிறியால் ஈயை ஓட்டுகிறார்கள். மாதா கெபியில் மெழுகுதிரி கொளுத்த நினைத்தவர்கள் சட்டென்று கொளுத்திக்கொள்கிறார்கள். என்ன இது, காற்றைக் காணோம் என்று யாராவது கேட்டால், "பிளாரன்சு சுடுதா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.