எண்ணப்பட்டது

கலையும் அறிவியலும் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு என்று அவள் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மாமா பேர் வைத்துவிட்டார். "கலைன்னா கலை, அறிவியல்னா அறிவியல். ரெண்டும்னா அது ரெண்டுங்கெட்டான்தானே?" என்று அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பேர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. நாளாக ஆக வால் தேய்ந்து வெறும் 'ரெண்டு' ஆயிற்று. "ரெண்டு, சாப்பிட்டியாடி?" என்று அம்மாவே கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

படிப்பு என்னவோ நல்ல படிப்புதான். மூன்று வருஷத்தில் இளங்கலை, அப்படியே இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் முதுகலை. ஆனால் கடைசியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அதில் அறிவியல் பக்கத்து வழிகாட்டி ஒருவரும் கலைப் பக்கத்து வழிகாட்டி ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் முதுகலை போச்சு. ஐந்து வருஷம் உழைத்துவிட்டு மூன்று வருஷப் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். கெடு இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. இப்போது மணி இரண்டரை, இரண்டு கையெழுத்துக் கட்டங்களும் காலியாகவே கிடந்தன.

அறிவியல் பக்கம் புள்ளியியல் பேராசிரியர். பிள்ளைகளுக்கு அவர் 'புள்ளி சார்'. கலைப் பக்கம் சமூகவியல் பேராசிரியை. அவர் 'கதை மேடம்'. ஒரே நடைவழியில் இருவர் அறையும் எதிரும் புதிருமாக இருந்தன, அவர்களும் அப்படியே. எத்தனையோ வருஷமாக ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் இந்த ஒரு வருஷமாக ரெண்டின் ஆய்வேட்டு ஓரத்தில் எழுதித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வு ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றியது. அம்மாவுக்கு வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் வேலை. அந்த ஜன்னலுக்கு முன்னால் மனுஷர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், காத்திருக்கையில் என்ன பாடுபடுகிறார்கள் என்று நாற்பது நாள் கணக்கெடுத்து எழுதியது. அதில் இருவருக்குமே குறை இல்லை. வம்பெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரியில்தான் வந்தது.

"நாற்பது நாள் நான் வரிசையை எண்ணினேன்" என்று அவள் எழுதியிருந்தாள்.

புள்ளி சார் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, 'எண்ணப்பட்டது' என்று எழுதினார். "இங்க பாரும்மா, ஆய்வுல நான் நீன்னு வரவே கூடாது. யார் எண்ணினாலும் அதே எண்ணிக்கைதான் வரணும்."

கதை மேடம் பச்சை மையால் அதை அடித்துவிட்டு, 'நான்' என்பதைத் திரும்ப உட்கார வைத்தார். "எண்ணப்பட்டதுன்னா யாரு எண்ணினது, பேயா? நீதானே அங்க உக்காந்திருந்த? உன் கால்தானே மரத்துப்போச்சு? உன்னை ஏன் நீயே ஒளிச்சு வைக்கிற?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது தோல், தாங்கும். இவள் ஆறு திருத்தம் தாங்கினாள். ஒரு தடவை சாமர்த்தியமாக 'நாற்பது நாள் வரிசையை எண்ணியதில்' என்று நழுவிப் பார்த்தாள். "இதுக்குள்ள யாரோ ஒளிஞ்சிட்டிருக்காங்க" என்று சிவப்பு சொன்னது. "நழுவாதே" என்று பச்சை சொன்னது. இன்றைக்கு ஏழாவது திருத்தம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதிலும் சிவப்பு விழுந்தது, சிவப்பின் மேல் பச்சை விழுந்தது.

நடைவழி பெஞ்சில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ரெண்டு அந்த வரியை முறைத்தாள். சீ, இதுவும் ஒரு படிப்பா! ஒரு வார்த்தைக்காக ஐந்து வருஷம் தொங்குகிறதே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நூறாவது தடவை வாசித்தபோதுதான் முள் தட்டுப்பட்டது. இத்தனை சிவப்பிலும் பச்சையிலும் யாரும் தொடாத இடம் ஒன்று இருந்தது. நாற்பது நாளும் அவள் எண்ணவில்லை.

போன வருஷம் ஒரு பதினோரு நாள் அவளால் ஆஸ்பத்திரிப் பக்கமே போக முடியவில்லை. காலையில் வேதியியல் செய்முறைத் தேர்வு, மதியம் நாடக வகுப்புக்கு ஒத்திகை. ரெண்டுங்கெட்டான் படிப்பின் லட்சணம் அது. "நீ போய்ப் படி, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா சொன்னாள். ஒரு கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டே மறு கையால், கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். நேரம் மட்டும் எழுதச் சொன்னதற்கு அம்மா எழுதியது இப்படி: 'டோக்கன் நூற்று ரெண்டு. கைக்குழந்தை. வந்தது எட்டரை, டாக்டரைப் பார்த்தது பதினொண்ணே முக்கால். குழந்தை அழுது தூங்கி எழுந்து மறுபடி அழுதது. தாய் உட்காரவே இல்லை.'

அதை அவள் அப்படியே ஆய்வேட்டில் எடுத்துப் போட்டாள், அந்த இடத்தில்தான் கதை மேடம் பச்சையில், 'இதுதான் உன் குரல்!' என்று எழுதியிருந்தார். அந்தப் பதினோரு நாள் கணக்குக்குப் பக்கத்தில்தான் புள்ளி சாரும், 'மிகத் துல்லியம்' என்று சிவப்பில் போட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "எம் பொண்ணு புஸ்தகத்துல நானும் இருக்கேன்" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ரெண்டு ஒரே ஒரு வார்த்தையை மாற்றினாள். நடைவழி முனையிலிருந்த அச்சு இயந்திரத்தில் அந்தப் பக்கத்தை எடுத்தாள். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று, "சார்! மேடம்! ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்று குரல் கொடுத்தாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

இருவரும் அவரவர் வாசற்படியில் வந்து நின்றார்கள். அவள் வாசித்தாள்: "நாற்பது நாள் வரிசையை எண்ணினோம்."

"எண்ணினோமா?" என்றார் புள்ளி சார். "கூட யாரு?"

"எங்கம்மா. பதினோரு நாள் அவங்கதான் எண்ணினாங்க."

புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஆள் எண்ணறதா இருந்தா ஆய்வுக் குழுவோட முன் அனுமதி வாங்கணுமேம்மா. அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சுத்தான்."

"ஆமா, அது பெரிய சிக்கல்" என்றார் கதை மேடம்.

ஆமா என்றாரே! அவர் வாயால் இவருக்கு ஓர் ஆமா! கல்லூரியே கூடிப் பார்த்திருக்க வேண்டிய காட்சி, இவள் ஒருத்திதான் பார்த்தாள். பார்த்தும் சிரிப்பு வரவில்லை.

"சொல்லாம விட்டது எந் தப்புதான் மேடம். இப்பவாவது உண்மையப் போட்டுடலாமே. அந்தக் குழந்தை விஷயம், நீங்க எங் குரல்னு எழுதினீங்களே, அது எங்கம்மா எழுதினது."

கதை மேடத்தின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலாகப் போகுதும்மா. இப்ப இதைக் கிளறினா உன் முதுகலை போயிடும். பேசாம சார் சொன்னபடி 'எண்ணப்பட்டது'ன்னே போட்டுடு."

"இல்ல இல்ல, மேடம் சொன்ன மாதிரி 'நான்'னே இருக்கட்டும்" என்றார் புள்ளி சார், பெரிய மனசோடு. "எதுவா இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

"நன்றிப் பக்கத்துலயும் அம்மா பேரு வேண்டாம். யாராவது தோண்டுவாங்க" என்றார் மேடம்.

அடப்பாவிகளா! ஒரு வருஷம் ஒரு வார்த்தைக்காக அவளைப் பம்பரமாய்ச் சுற்றவிட்டவர்கள், இப்போது ஆளுக்கொரு வார்த்தையை இந்தா இந்தா என்று தூக்கிக் கொடுக்கிறார்கள். உண்மை ஒன்றுக்குத்தான் அந்த நடைவழியில் இடமில்லை. அவளுக்கு அந்தக் காகிதத்தைச் சுக்கலாகக் கிழித்து இருவர் மேலும் வீச வேண்டும் போலிருந்தது. வீசவில்லை. மாடிப்படிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "அடி போடி இவளே! எம் பேரு எதுக்குடி உனக்கு? கையெழுத்த வாங்கிட்டு வர்ற வழியப் பாரு."

"நீதான எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்க?"

"சொன்னா சொன்னேன். வைடி, இங்க வரிசை நிக்குது."

ரெண்டு படியில் உட்கார்ந்து இரண்டு வார்த்தையையும் எடைபோட்டாள். 'நான்' என்று போட்டால் பச்சைப் பொய். 'எண்ணப்பட்டது' என்று போட்டால் பொய் இல்லை, முக்காடு. முக்காட்டையே எடுத்துக்கொண்டாள். நாலு ஐம்பதுக்கு இரண்டு கையெழுத்தும் விழுந்தன, ஒன்று சிவப்பில், ஒன்று பச்சையில். இருவரும் வாழ்த்துச் சொன்னார்கள். அவள் நன்றி சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

திங்கட்கிழமை காலையில், அட்டை கட்டிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக டோக்கன் அறைக்குள் போனாள். ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல வரிசை நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி, மேலட்டையைத் தடவிப் பார்த்தாள். அடுத்த ஜன்னலில் சீட்டு எழுதுகிற அக்கா எட்டிப் பார்த்தார்.

"எங்க, உம் பேரு எங்க? ஒரு வருஷமா எங்க காதையெல்லாம் ஓட்டை போட்டியே!"

ரெண்டுக்கு முகம் எரிந்தது. அக்காவிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா மூன்றாம் அத்தியாயத்தைத் தானே தேடிப் பிரித்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இதோ பாரு. 'எண்ணப்பட்டது'ன்னு போட்டிருக்கு இல்ல? அது நான்தான்."

அக்கா கிட்டே வந்து, அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். "இது நீயா? பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுத் தன் ஜன்னலுக்குத் திரும்பினார்.