வெள்ளித் தண்ணீர்

உப்பளக் கங்காணி செந்தூர்பாண்டிக்கு வயிற்றுப்புண். யுத்த காலம், ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. அவன் மனைவி செல்லத்தாய் தன் அண்ணன் தளவாயிடம் சொல்லி அழுதாள். அவன் லாரிப் பட்டறையில் பேட்டரி வேலை பார்க்கிறவன்.

"வெள்ளித் தண்ணி குடுத்துப் பாருளா. புண்ணு ஆறும்னு கப்பல் இஞ்சின்காரர் ஒருத்தர் சொன்னாரு" என்றான்.

பழைய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தான். அவளுடைய வெள்ளிக் கொலுசை வெட்டி, இரண்டு துண்டைப் பேட்டரிக் கம்பிகளில் மாட்டி, பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் தொங்கவிட்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லேசாக மஞ்சளித்தது.

கைமருந்து என்றாலே செந்தூர்பாண்டி எரிந்து விழுவான். அதனால் சொல்லாமலே தினமும் மோரில் கலந்து கொடுத்தாள். வலி குறைந்த மாதிரிதான் இருந்தது.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். அவன் முகம் சாம்பல் பூத்தது. நகக்கண் நீலம் பாரித்தது. நோய் முற்றிவிட்டது என்று பயந்து, அவள் இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள். நிறம் இன்னும் கறுத்தது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டருக்கும் குழப்பம். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க. உப்பு மூடையே தூக்குதேன்."

சட்டையைக் கழற்றச் சொன்னார். மார்பு பழைய நிறத்திலேயே இருந்தது; வெயில் படுகிற இடம்தான் கறுத்திருந்தது. "வெள்ளி சேர்ந்த மருந்து ஏதாவது சாப்பிட்டீரா?"

"ஒண்ணும் இல்லியே!"

கூட வந்திருந்த செல்லத்தாய் முன்னால் வந்தாள். "நான்தான் குடுத்தேன் ஐயா" என்றாள்.

வெள்ளி தோலில் படிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இந்த நிறம் இனிப் போகாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவன் எப்போதும்போல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அவளால் பொறுக்க முடியவில்லை. "என்னைய ரெண்டு அடியாவது அடிச்சிருங்க."

"வயித்துவலி கொறைஞ்சது அதனாலதானா?"

"தெரியலயே."

"டாக்டருக்கும் தெரியலங்காரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அளத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "பித்தம் ஏறிட்டு" என்றே சொல்லிவந்தான். அவள் பேரை எங்கேயும் எடுக்கவில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னித்துவிட்டானா, மனசுக்குள் வைத்திருக்கிறானா? சோறு போடும்போதெல்லாம் அந்த நீல முகத்தைப் பார்ப்பாள். கோபமா சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.