திராட்சைக் கொத்துப் போட்ட கோட்டு

பாத்ரூமைத் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து பிளஸ்ஸி அப்பாவின் கோட்டிலிருந்த திராட்சைக் கொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்துக்கொண்டிருந்தாள் என்பது பேச்சுக்குத்தான். அது மிஷின் எம்பிராய்டரி. ஒரு பழத்தில் பாதி நூல்கூட இன்னும் வரவில்லை, தையல் கத்தரியின் முனைதான் திரும்பத் திரும்ப விரலில் குத்தியது. கறுப்புக் கோட்டு, இடது பக்கப் பைக்கு மேலே கருஞ்சிவப்பில் ஒரு கொத்து, இரண்டு பச்சை இலை. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் இன்றைக்கு உயிரை வாங்கியது.

"கோட்டு எங்கடி?" வெளியே அம்மா ஞானசௌந்தரியின் குரல், அழுது அடைத்துப்போன குரல். "பெரியப்பா கேக்கறாரு. டிரஸ் பண்ணணுமாம்."

"அயர்ன் பண்ணணும்மா. வெள்ளைச் சட்டை ஒண்ணு புதுசா இருக்கே, அதைப் போடலாம்ல?"

"கோட்டு இல்லாம நம்ம சபையில எந்த ஆம்பளையப் பெட்டியில வச்சிருக்காங்க? கதவத் தெற."

அப்பாவின் கல்யாணக் கோட்டு முன்பு வந்த வெள்ளத்தில் சேறாகி, அதை வாரிப் போட்டாயிற்று. மிஞ்சியது இது ஒன்றுதான். பிளஸ்ஸி குழாயை மூடினாள்.

அப்பா ஜெரோம் நேற்று மத்தியானம் வேலைக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு இன்னொன்றுக்குக் குனிந்தவர், நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் செம்பாக்கம் சந்துக்குள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். சாயங்காலம் அடக்கம். நேற்றிலிருந்து பிளஸ்ஸிக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. பயப்படவே நேரம் சரியாக இருந்தது.

பயம் சபையை நினைத்து. போன வருஷம் வேதாசலம் அங்கிள் செத்துப்போனார். அரசாங்க மதுக்கடையில் பில் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணீர்விட்டு ஜெபிக்கிறவர். மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். குடி வியாபாரத்தில் சம்பாதித்துச் சாப்பிட்டவருக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை என்றுவிட்டார்கள். பெட்டியோடு வண்டி வெயிலில் நின்றது. அவர் மனைவி கல்லறைத் தோட்டத்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், கேட் திறக்கவில்லை. கடைசியில் மின் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்ணுக்குள் போனவர்தான் கடைசி நாளில் எழுந்து வருவார் என்று நம்பிக்கொண்டிருந்த அந்த அம்மாள், அப்புறம் எந்தச் சபைப் பக்கமும் தலைகாட்டவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களைப் பிளஸ்ஸி பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். அந்த இடத்தில் இன்றைக்கு அம்மாவை நிறுத்திப் பார்த்தாள்.

ஏனென்றால் அப்பாவின் வேலை அவளுக்குத் தெரியும். வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "ஓட்டல்ல சூப்பர்வைசர்" என்றுதான் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அது பொய்யும் இல்லை. பாரிமுனைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கம்பெனியாக இருந்த செங்கல் கட்டடம் அது. உயர உயரமாக வளைவுகள், தேய்ந்து வழவழப்பான மரப்படி. மாடியில் தங்கும் அறைகள் இருந்தன. கீழே இருந்தது ஒயின் பார். அந்தக் காலத்தில் பணம் வைத்துப் பூட்டிய இரும்புக்கதவு அறையில் இப்போது ஊர் ஊராக வந்த பாட்டில்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. சாப்பிட வருகிறவர்கள் அதைப் பார்ப்பதற்கே தனியாக ஒரு கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள்.

தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒருநாள் டீம் லீடர் எல்லோரையும் அங்கே அழைத்துப்போனார். இதே திராட்சைக் கொத்துக் கோட்டில், ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி முழங்கையில் படுக்கவைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தவர் அப்பா. பிளஸ்ஸியைப் பார்த்தும் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. லேபிளைக் காட்டினார், சத்தமில்லாமல் கார்க்கை உருவினார், டீம் லீடருக்கு ஒரு வாய் மட்டும் ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். டீம் லீடர் தலையாட்டியதும் அப்பா ஒவ்வொரு கிளாஸாக நிரப்பிக்கொண்டு வந்தார். பிளஸ்ஸியின் கிளாஸ் வந்தபோது பாட்டில் நிமிர்ந்துகொண்டது. "மேடத்துக்கு ஃப்ரெஷ் லைம் கொண்டாரேன்" என்றார். அன்று ராத்திரி பார்க் ஸ்டேஷனில் பிளஸ்ஸி அவருக்காகக் காத்திருந்தாள்; ஒன்றாகத் தாம்பரம் வண்டி பிடித்தார்கள். பல்லாவரம் தாண்டியதும் அவர்தான் சொன்னார்: "நான் குடிக்கறதில்லம்மா. மோந்து பாக்கறதோட சரி. அம்மாக்குத் தெரிய வேணாம்."

கதவைத் திறந்ததும் பெரியப்பா அப்பாதுரை கோட்டை வாங்கிக்கொண்டார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர்; நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. "கத்தரியும் கையோட வச்சிருக்கியா, நல்லதாப் போச்சு" என்று அதையும் பிடுங்கி, கோட்டின் முதுகைக் காலர் வரைக்கும் நெட்டாகக் கிழித்தார். அப்படிக் கிழித்தால்தான் விறைத்த உடம்பில் மாட்ட முடியும் என்று சவப்பெட்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். துணி கிழிகிற சத்தத்தில் பிளஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அப்பா டை கட்டி, வெள்ளை சாக்ஸ் போட்டுப் பெட்டிக்குள் இருந்தார். திராட்சைக் கொத்து ஊருக்கே தெரிகிற மாதிரி நெஞ்சில் இருந்தது. மாலையை அதன் மேல் இழுத்துவிட்டாள். பெரியப்பா மாலையை நேராக்கினார். மறுபடி இழுத்துவிட்டாள்.

"ஏன்மா கை வச்சுகினே இருக்க? விடு, அவன் நிம்மதியா இருக்கட்டும்" என்றார் பெரியப்பா, அன்பாகத்தான்.

அப்போது போன் அடித்தது. அப்பாவுடன் வேலை பார்க்கும் அரிகிருஷ்ணன். கொல்லைப்பக்கம் ஓடிப்போய் எடுத்தாள்.

"இன்னாம்மா இது, அண்ணன் இப்டி பண்ட்டாரு... நாங்கோ நாலு பேரு வந்துகினு கீறோம்மா."

"அண்ணா, வராதீங்க."

"இன்னாம்மா சொல்ற?"

"ப்ளீஸ்ண்ணா. வேணாம். இங்க சபையில தெரிஞ்சா அப்பாவைப் புதைக்க விடமாட்டாங்க."

"மொகத்த ஒரு தபா பாத்துட்டு பூட்றோம்மா" என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பாஸ்டர் சுந்தர்சிங் வந்தார். நல்ல மனிதர்தான், கோபமே வராது. வேதாசலம் அங்கிள் விஷயத்திலும் அவர் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடுதான் முடியாது என்றார். பெட்டியின் தலைமாட்டில் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியே பார்வை கீழே இறங்கியது. மாலையை ஒரு விரலால் விலக்கினார்.

"சிஸ்டர், இது என்ன?"

பிளஸ்ஸிக்குக் காதுக்குள் இரைந்தது. பொய் ஒன்று சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"அவரு வேலை பாத்த எடத்துல குடுத்தது, பாஸ்டர்" என்றாள் அம்மா.

"ஓட்டல்லயா? விசுவாசிங்க நடத்துற ஓட்டலோ?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் நடந்ததை நம்புவதா வேண்டாமா என்று பிளஸ்ஸிக்குத் தெரியவில்லை. அவர் வேதாகமத்தைத் திறந்து, இயேசு தன்னைத் திராட்சைச் செடி என்றும் விசுவாசிகளைக் கொடிகள் என்றும் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டார்.

"நம்ம சகோதரன் வாயத் திறந்து அதிகமாச் சாட்சி சொன்னவர் இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா பாருங்க, தினம் தினம் இந்தத் திராட்சைக் கொடிய நெஞ்சுல சுமந்துகிட்டு வேலைக்குப் போயிருக்கார். நம்மள்ல எத்தனை பேருக்கு இந்தத் தைரியம் உண்டு?"

ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று ஹால் நிறைந்தது. பின்வரிசைப் பெண்கள் எழுந்து வந்து அந்தக் கொத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி அதற்கு முத்தமே கொடுத்தாள். வேறொரு நாளாக இருந்தால் பிளஸ்ஸிக்குச் சிரிப்பு வந்திருக்கும், அப்பாவிடம் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். இன்று பயம் இன்னும் கூடிப்போனது. முன்பாவது அது வெறும் கொத்து. இப்போது எல்லோர் கண்ணிலும் பதிந்துவிட்டது. இன்னொரு கோட்டில் அதே கொத்தைப் பார்த்தால் பாஸ்டர் மட்டுமில்லை, மொத்தச் சபையும் நின்று கேட்கும். அரிகிருஷ்ணனும் கூட வருகிறவர்களும்: நாலு பேர், நாலு கோட்டு. ரயில் எந்த ஸ்டேஷனில் வந்துகொண்டிருக்கிறதோ.

அகரம்தென் சாலையில் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி திரும்பியபோது அவர்கள் கேட்டருகே நின்றிருந்தார்கள்.

பிளஸ்ஸி முதலில் பார்த்தது அவர்கள் மார்பைத்தான். வெறும் வெள்ளைச் சட்டை. கோட்டுகள் கையில் இருந்தன. நாலும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மடித்து, முழங்கையில் போட்டிருந்தார்கள். பளபளவென்று லைனிங் துணி மட்டும் தெரிந்தது. பெட்டியை இறக்குகிற சந்தடியில் அரிகிருஷ்ணன் அவள் பக்கமாக வந்தான்.

"டூட்டிக்கு இப்டியே போவணும்மா, அதான் கோட்டோட வந்தோம். போட்டுகினு நின்னு அண்ணன அனுப்பலாம்னு இருந்தோம்" என்றான் மெதுவாக. "நீ சொன்னத நெனச்சிப் பாத்தோம். அண்ணனும் டெய்லி ரயிலு ஏற சொல்லோ கோட்ட இப்டித்தான் திருப்பி மடிச்சிகினு ஏறுவாரு. எதுக்குண்ணான்னு கேட்டா சிரிப்பாரு. இன்னிக்குத்தான் புரிஞ்சிது."

அவள் பதில் சொல்வதற்குள் பாஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"இவங்க யாரும்மா? எந்தச் சபை?"

கேட் திறந்துதான் இருந்தது. பெட்டி இன்னும் வெளியேதான் இருந்தது.

"அப்பா கூட ரயில்ல வர்றவங்க, பாஸ்டர்" என்றாள்.

"ஆமா சார்" என்றான் அரிகிருஷ்ணன் உடனே. "ட்ரெயின் சிநேகம்."

பன்னிரண்டு வருஷம் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது. பெட்டி உள்ளே போகட்டும், மண் விழட்டும், மற்றது எல்லாம் அப்புறம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். பாட்டு பாடினார்கள். பெட்டியை மூடினார்கள். கயிறு இறங்கியது. அந்த நாலு பேரும் வரிசையில் கடைசியாக வந்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மண்வெட்டிகள் வேலையை முடிக்கிறவரைக்கும் பிளஸ்ஸி பாஸ்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குழி மூடியது. மேட்டைத் தட்டிச் சிலுவையை நட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு முதல் அழுகை வந்தது. குமுறிக்கொண்டு, நிற்க முடியாமல் வந்தது. அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கலைந்து ஷேர் ஆட்டோக்களைத் தேட ஆரம்பித்திருந்தது. பாஸ்டர் கார்ப் பக்கம் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் அந்த நாலு பேரும் விடைபெறுவதற்கு யாரும் இல்லாமல் நின்றிருந்தார்கள்.

"அதுல அரிகிருஷ்ணன் யாருடி?" என்றாள் அம்மா.

பிளஸ்ஸியின் அழுகை அப்படியே நின்றது. "யாரும்மா?"

"கார்க்கு உடைஞ்சி பாட்டில் கழுத்துல மாட்டிக்கிச்சுன்னா, உள்ள விழாம எடுக்கறதுக்கு அவன விட்டா ஆளே கிடையாதுன்னு அப்பா சொல்வாரே."

பிளஸ்ஸி அம்மாவையே பார்த்தாள். அம்மாக்குத் தெரிய வேணாம் என்று தன்னிடம் சொன்னவர், பிளஸ்ஸிக்குத் தெரிய வேணாம் என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு இருவரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி முழுக்கவும்தான்.

"அந்த உயரமா இருக்கறவரு" என்றாள்.

அம்மா தண்ணீர் பாட்டில்கள் இருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, பாஸ்டர் பாக்கறாரு."

"பாக்கட்டும்."

அம்மா கல்லறைகளுக்கு நடுவே வெறும் காலோடு நடந்து போனாள். அரிகிருஷ்ணன் நிமிர்ந்து நின்றான். அவனிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அவன் முழங்கையில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டாள். கையை உள்ளே விட்டு ஒரு கைப்பகுதியை வெளியே இழுத்தாள், பிறகு மற்றதை. கோட்டை ஒருமுறை உதறினாள். திராட்சைக் கொத்து வெயிலுக்கு வந்தது. அதில் விழுந்திருந்த மடிப்பை நீவிவிட்டு, அவன் போட்டுக்கொள்ளத் தோதாக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அவன் திரும்பி நின்று கைகளை நுழைத்தான். கார்ப் பக்கம் பேச்சு நின்றிருந்தது.

அம்மா அடுத்தவனுடைய கோட்டுக்குக் கையை நீட்டினாள்.