ரேகை இல்லாத கடிதம்

பாஞ்சாலை நாலாவது தடவையாகத் தெருமுனைக்கு ஓடினாள். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் அவள் புருஷன் காத்தவராயன் இல்லை. திரும்பி வந்தபோது, நேற்று விடியலில் செத்த மாமியார் வீரம்மாளைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள்.

"இன்னும் எவ்ளோ நேரம் வச்சிருக்கிறது? நானே கொள்ளி வைக்கிறேன்" என்றார் பங்காளி சுப்புராயன்.

"மவன் வராம எடுக்கக்கூடாது. ஜெயிலுக்குத் தந்தி குடுத்திருக்குது. வுடுவாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இருபது நாளாகப் படுக்கையில் கிடந்தபடி, கதவு அசைந்தால் போதும், "காத்தான் வந்துட்டானா?" என்றே கேட்டுக் கொண்டிருந்தாள் கிழவி.

காத்தவராயன் பீங்கான் பட்டறையில் வாசல் காவலாளி. லாரியில் போவது உடைசல் என்று மேஸ்திரி சொன்னதை நம்பி, அவன் நீட்டிய சீட்டில் கட்டைவிரலை வைத்தான். உள்ளே இருந்ததெல்லாம் நல்ல சரக்கு. அதைக் காத்தவராயனே எடுத்துப் போவதாகச் சீட்டில் எழுதியிருந்ததாம். மேஸ்திரி தப்பித்தான், ரேகை வைத்தவனுக்கு இரண்டு வருஷம்.

அன்றிலிருந்து பாஞ்சாலைக்குக் காகிதம் என்றாலே பயம். ஜெயிலில் யாரோ எழுதித் தரும் கடிதங்களின் அடியில் அவன் ரேகை இருக்கும். பீங்கான் சில்லு கிழித்த தழும்பு அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் தபால்காரரைப் படிக்கவிடுவாள். பத்து நாளைக்கு முன் வந்ததில் ரேகை இல்லை, கோணல் எழுத்துகள்தான்.

"இது எங்க வூட்டுக்காரருது இல்ல. எவனோ மறுபடியும் மாட்டிவுடப் பாக்குறான்" என்று பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டாள்.

அடுத்த பஸ்ஸில் ஒரு போலீஸ்காரருடன் அவன் வந்தே விட்டான். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். பிறகு பாஞ்சாலையிடம் திரும்பினான்.

"என் கடுதாசி வரலியா?"

"ரேகை வச்சது ஒண்ணும் வரலியே."

அவன் பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் ஒரு தாளையும் மை டப்பாவையும் நீட்டினார். "பொழுதோட திரும்பணும். இதுல கைய வையி."

"படிச்சிட்டுப் போடறேங்க."

"பொணத்த வச்சிக்கிட்டுப் படிப்பு ஒரு கேடா?" சுப்புராயன் எகிறினார்.

காத்தவராயன் விரலை வரிக்கு வரி நகர்த்தி, வாய்க்குள் எழுத்துக் கூட்டினான். தப்பட்டைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஜெயில்ல வாரத்துக்கு ரெண்டு நாளு வாத்தியார் வராரு. இவன் ஒரு நாளும் தவறுனதில்ல" என்றார் போலீஸ்காரர்.

மை டப்பாவை ஒதுக்கிவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான் காத்தவராயன். முதல் எழுத்து 'கா'வின் கால் விலகித் தனியே நின்றது. அந்தத் தனிக்காலைப் பாஞ்சாலை கூரையில் செருகிய கடிதத்தில் பார்த்திருக்கிறாள்.

"அந்தக் கடுதாசில என்னா எழுதியிருந்தீங்க?"

"அம்மா படுத்துட்டான்னு கேள்விப்பட்டேன், டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி அனுப்பு, மூணு நாளு வுடுவாங்கன்னு. மொத மொத நானே எழுதுனது."

அவள் உள்ளே ஓடிக் கூரையிலிருந்து கடிதத்தை உருவி வந்தாள். பிரித்து அவன் முன்னால் நீட்டினாள், தலைகீழாக.

காத்தவராயன் அதை வாங்கவில்லை. அவள் கையிலேயே நேராகத் திருப்பி வைத்துவிட்டு, கொள்ளிச்சட்டியை எடுக்கக் குனிந்தான்.