இன்று பறித்தது

சனிக்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கூடும் உழவர் சந்தையில், வெள்ளரிக்காரம்மா ஈரச் சாக்கை விரித்துக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காயும் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. ஒரு கீறல் இல்லை, ஒரு புழுத்துளை இல்லை. முன்னால் ‘இன்று பறித்தது’ என்று எழுதிய அட்டை. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

பக்கத்துக் கடைக் கீரைக்காரர் தன் கட்டுகளிலிருந்து சின்னப் பூச்சிகளை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “உன் காய்க்குப் பூச்சிகூட மரியாதை குடுக்குது தங்கச்சி. பக்கத்துல வரவே மாட்டேங்குது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

வெள்ளரி அவள் ஊர் மண்ணில் வெயில் காலத்துக் காய். மழை தொடங்கிய பிறகு அதைப் போட்டதே தப்பு. ஆனால் பூசணியும் அவரையும் கொண்டுவந்த வாரங்களில், “வெள்ளரி இல்லையா?” என்று கேட்டுவிட்டு ஆட்கள் நடையைக் கட்டினார்கள். சரி என்று அவளும் கணவனும் போட்டார்கள். கொடி பிடித்ததோ இல்லையோ, பூச்சி பிடித்தது. போன வாரம் ஓர் அம்மாள் காயை ஒடித்துப் பார்த்து, நெளிந்த புழுவோடு அதை இவள் மடியிலேயே போட்டுவிட்டுப் போனாள். இந்த வாரம் புதன்கிழமை மாலை கணவன் மருந்து அடித்தான். டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில், அடித்த பிறகு ஏழு நாள் பறிக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

“சந்தைக்கு மூணு நாள்கூட இல்லையேங்க” என்றாள் அவள்.

“இந்த வாரம் போகலேன்னா நம்ம இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. கழுவித்தானே திம்பாங்க, விடு.”

“மருந்துன்னு நாமதான் சொல்லிக்கிறோம். டப்பாவுல மண்டையோடு போட்டிருக்கு.”

“அப்ப நீ திங்காதே.”

அவள் தின்னவில்லை. வீட்டுக்கென்று ஒரு காய்கூட எடுத்துவைக்கவுமில்லை. எங்கிருந்தோ வந்து பெரிய கடையில் நாள்கணக்காகக் கிடக்கும் காயிலாவது விஷம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். இவளுடையது பனி உலராத புதுசு.

அந்தப் புதுசுக்குத்தான் கூட்டம் முண்டியடித்தது. ஒன்பது மணிக்குள் பாதிச் சாக்கு காலி.

“எனக்கு வச்சிருக்கீங்களாக்கா, இல்ல எல்லாத்தையும் வாரிக் குடுத்துட்டீங்களா?”

தையல்காரி நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, எட்டு மாத வயிறு அவளுக்கு முன்னால் வந்து நின்றது. மூன்று வருடமாக வாரம் தவறாமல் வருகிறவள்.

“இன்னைக்கு வேணாம்மா. முத்தின காய்.”

“இதுவா முத்தின காய்? உங்களுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியலையே.” கவிழ்த்துவைத்த பெட்டியின்மேல் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். “உள்ள இருக்கிறது உதைக்கிற உதையப் பாத்தா ஊசி பிடிக்கிற கையாத் தெரியலக்கா, பந்து விளையாடத்தான் போகும். நீர்ச்சத்து உள்ளதா சாப்பிடச் சொல்லியிருக்காங்க டாக்டர். பெரிய கடையில இருக்கிறது எந்தக் காலத்துல பறிச்சதோ. உங்க கையால வாங்கினா கண்ணை மூடிக்கிட்டுத் திங்கலாம்.”

சொல்லிக்கொண்டே ஒரு காயை எடுத்தாள்.

“கழுவிட்டு…”

“உங்க காயையா? நல்ல கதை.” மேல்துணியில் ஒரு துடை துடைத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

வெள்ளரிக்காரம்மா யோசிக்கவே இல்லை. ஓங்கித் தட்டிவிட்டாள். காய் உருண்டுபோய்க் கீரைக்காரர் காலடியில் நின்றது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னக்கா?” தையல்காரி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“மருந்தடிச்சு மூணு நாள்கூட ஆகல. கழுவினாலும் போகாது, காய்க்குள்ள இறங்குற மருந்து. திங்காதே தாயே.”

தையல்காரியின் கை தானாக வயிற்றின்மேல் போனது. காலியாகக் கிடந்த பாதிச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையிலேருந்து எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?”

“எண்ணல.”

“அந்த வீடுகள்ல வயித்துப்பிள்ளைக்காரி இருக்க மாட்டாளா? பல் முளைக்கிற குழந்தை இருக்காதா? என்னைத் தெரியும், அதனால தட்டி விட்டீங்க. அவங்க கையை யாருக்கா தட்டி விடுவாங்க?”

வெள்ளரிக்காரம்மா எழுந்தாள். தொலைந்த சாவிக்கும் வழி தவறிய பிள்ளைக்கும் அறிவிப்புச் சொல்லும் மைக் சந்தை நடுவே ஒரு சின்ன அறையில் இருந்தது. அவள் எங்கே போகிறாள் என்று கீரைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

“தங்கச்சி, அங்க போய்ச் சொன்னா இந்த இடம் போயிரும். யோசிச்சுக்கோ.”

“போகட்டும்ண்ணே.”

ஒலிபெருக்கி கரகரத்தது. “காலையில எங்கிட்ட வெள்ளரிக்காய் வாங்கினவங்க திங்காதீங்க. பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. மருந்தடிச்ச காய். நாள் ஆகிறதுக்கு முன்னாடியே பறிச்சுட்டேன். திருப்பிக் கொண்டாந்துருங்க.”

சந்தை ஒரு கணம் அடங்கி, பிறகு இரைந்தது. அவள் சாக்கருகே திரும்பி வந்து காத்திருந்தாள். ஐந்து பைகள் திரும்பி வந்தன. ஐந்தே ஐந்து. மற்றவை பேருந்தேறிப் போய்விட்டன. இந்நேரம் ஏதோ ஒரு சமையலறையில் யாரோ தோல் சீவிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கும்.

“நம்பித்தானே வாங்கினோம், இப்படிப் பண்ணிட்டியே” என்றார் பையைத் திருப்பித் தந்த ஒருவர். அவள் காசை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

தையல்காரிதான் பதில் சொன்னாள். “அவங்க பண்ணினது பெரிய தப்புதாங்க. தெரியாதவங்க வீட்டுப் பிள்ளையோட வாயும் பிள்ளை வாய்தான்னு விக்கிறவங்க நெனைக்கணும். ஆனா மழைக்காலத்துல வெள்ளரி கேட்டது யாரு? நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். அந்தந்தக் காலத்துல விளையறதை வாங்கி, பூச்சி கடிச்ச இடத்தை வெட்டி எறிஞ்சுட்டுத் திங்க நாம பழகணும். அதை விட்டுட்டுக் காலம் தப்பின காயா, சொத்தை இல்லாத காயா வேணும்னு நின்னா, நம்ம பிள்ளைக்கு நாமளே கேட்டு வாங்கி விஷம் ஊட்டுறோம்.”