ஆயிரத்து எழுநூறு கிலோவுக்கு ஏழு பெயர்

ஜெர்மன்காரர்கள் அளந்து பேசுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. யார் கட்டிவிட்டது என்று தெரியவில்லை. ஆபீசில் வேண்டுமானால் அளந்து பேசுவார்கள். வேலைக்களத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்டால் தெரியும் சங்கதி. ஒரு பொருள் கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டால் போதும், பெரிது என்று சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு வாய் வராது. ஜன்னலில் வந்து மோதும் குண்டு ஈ ‘ப்ரும்மர்’. ரோட்டில் போகிற பெரிய லாரியும் அதே ப்ரும்மர்தான். ஒரே துண்டாகக் கனத்துக் கிடந்தால் ‘ப்ரோக்கன்’. இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கட்டை ‘ட்ரும்’. இது எதிலும் அடங்காமல் சும்மா பெரிதாக இருந்தால் ‘ஓஷி’. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களே தலையைச் சொறிவார்கள்.

பதினாறு வருஷமாக ஜெர்மனிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான். இந்த வார்த்தைகளைக் கேட்டுச் சிரித்திருக்கிறேனே தவிர, எழுத வேண்டி வந்ததில்லை. தண்ணீர் மோட்டார் கையேட்டில் ஓஷிக்கு என்ன வேலை?

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டவர் என் வீட்டுக்காரர். அவர் மிருகக்காட்சிசாலையில் பராமரிப்பாளர். ஜெர்மனியிலிருந்து அங்கே ஒரு பெண் காண்டாமிருகம் வருவதாக ஏற்பாடு. அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் இவர்தான். மிருகம் வருவதற்கு முன்னால், அதை அங்கே வளர்த்த பெரியவர் மூன்று வருஷமாக எழுதிய தினக்குறிப்பு வந்து சேர்ந்தது. ஜூவில் எல்லாக் காகிதமும் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். என் பெண்டாட்டிக்கு ஜெர்மன் தண்ணி பட்ட பாடு என்று இவர் அதிகாரியிடம் போய் மார் தட்டிவிட்டு வந்தார். மறுநாள் அந்தக் கட்டு எங்கள் ஆபீஸ் மேஜையில் இருந்தது.

எங்கள் ஆபீஸ் என்பது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் ரோட்டுச் சத்தம், மூடினால் ஜெராக்ஸ் மெஷினின் சூடு. உள்ளறையில் உட்கார்ந்திருப்பவர் சரிபார்ப்பவர். நான் எழுதியதை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி. எந்த வாக்கியமும் அவர் சிவப்புப் பேனாவைத் தாண்டி முழு உடம்போடு வந்ததில்லை. ஒரு பொருளுக்கு ஒரு சொல், அது அவருடைய சட்டம்.

அந்தப் பெரியவரோ சட்டத்துக்கெல்லாம் அடங்குகிறவர் இல்லை. காண்டாமிருகத்துக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் ஒரு நாள்கூட எழுதவில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்து பார்த்ததும் ஒரு வார்த்தை, பிறகு மற்றதெல்லாம். ‘காலை: ப்ரும்மர். வைக்கோல் முழுதும் தின்றாயிற்று. சாணம் நன்று. உள்ளே போனேன், முதுகு தேய்த்தேன், இருபது நிமிஷம்.’ அடுத்த நாள் ட்ரும். அதற்கடுத்த நாள் ஓஷி. இப்படி மொத்தம் ஏழு வார்த்தை, ஒரே மிருகத்துக்கு.

எனக்கு ஒரே குஷி. தமிழ் என்றால் ஒரு மணி நேர வேலை. மலை, பூதம், பாறாங்கல், தடிமாடு, ராட்சசி என்று அள்ளி விடலாம். இங்கிலீஷில் மூன்று நாள் முட்டிக்கொண்டேன். ‘வொப்பர்’ என்று போட்டால் யாரோ அவிழ்த்துவிட்ட பொய் மாதிரி இருக்கிறது. ‘ஜம்போ’ என்றால் யானை வந்து நிற்கிறது. ‘மான்ஸ்டர்’ என்று எழுதினால் வண்டியிலிருந்து இறக்கவே ஆள் வராது. ஒருவழியாக ஏழுக்கும் ஏழு சொல் பிடித்தேன். நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு உள்ளறைக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது ஏழும் போயிருந்தன. எல்லா இடத்திலும் ஒரே சொல், ‘அனிமல்’. நான் சண்டைக்குப் போனேன். கத்திரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு மிருகம்தானே மேடம் வருது? ஏழு பேர் வச்சா ஏழு மிருகம் வருதுன்னு நினைச்சு ஏழு கூண்டு கட்டிடுவாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் தோற்றாள். மொழிபெயர்ப்பு அப்படியே ஜூவுக்குப் போனது.

காண்டாமிருகமும் வந்தது. மூன்று வாரம் தனியே வைத்திருந்தார்கள். இவர் கம்பிக்கு வெளியே நின்று தீவனம் போட்டார். அதற்குள் அதிகாரி என் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டார். தினமும் உள்ளே போய் முதுகு தேய்த்தார்கள் என்று கண்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புது அடைப்பைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க என் வீட்டுக்காரர் உள்ளே போய் முதுகு தேய்க்க வேண்டும். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயம் என்பது இவர் அகராதியிலேயே கிடையாது. அப்படி இவரே சொல்லிக்கொள்வார். ஒரு முறை தீக்கோழி உதைத்துவிட்டது. படியில் வழுக்கி விழுந்தேன் என்று ஒரு வாரம் சாதித்தார். தொடையில் பதிந்திருந்த காயத்தைப் பார்த்த கால்நடை டாக்டர்தான், உங்கள் வீட்டுப் படிக்கு இரண்டு விரல் உண்டா என்று கேட்டாராம். இப்படிப்பட்ட ஆளோடு பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். தினமும் சாயங்காலம் வாசலில் இவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை எனக்கு எந்த வேலையிலும் கை ஓடாது.

திங்கட்கிழமை மத்தியானம். இவருக்கு அன்று விடுமுறை, நானும் பாதி நாள் லீவு போட்டிருந்தேன். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, இவர் எதிரே உட்கார்ந்து என் மொழிபெயர்ப்பை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் பதினோரு நாள் அந்தப் பெரியவர் உள்ளே போகவும் இல்லை, வேறு ஆளை அனுப்பவும் இல்லை, காரணமும் எழுதவில்லை, சரியான சோம்பேறி என்றார்.

நான் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவினேன். பையிலிருந்த ஜெர்மன் பிரதியை எடுத்து அந்தப் பதினோரு தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றிலும் காலை வார்த்தை ஒன்றேதான். ‘காவென்ட்ஸ்மன்.’ வேறு நாள் எதிலாவது அது இருக்கிறதா என்று தேடினேன். ஒரே ஒரு நாளில் இருந்தது. அன்று எழுதியிருந்தது இது: ‘காலை: காவென்ட்ஸ்மன். நான் போகவில்லை. மாற்று ஆள் போனார். விலா எலும்பு இரண்டு. வாளி ஒன்று புதிதாக வேண்டும்.’

இங்கிலீஷ் பிரதியில் அந்த நாளைத் தேடினேன். மாற்று ஆளுக்கு உடைந்த அந்த இரண்டு விலா எலும்பையும் கத்திரி தீவனப் பத்தியில் சேர்த்திருந்தார். காண்டாமிருகம் புல் தின்கிற ஜாதி என்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அவரை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. வார்த்தை எவ்வளவு அழகு என்று ரசித்தேனே தவிர, அது எந்த நாளில் வருகிறது என்று நானும் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து அந்தப் பெரியவருக்குப் போன் போட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், அப்படியெல்லாம் கணக்கு வைத்து எழுதவில்லையே என்றார். தேதிகளைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவருடைய அப்பா மீன்பிடிக் கப்பலில் இருந்தவர் என்றும், மற்ற அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று மட்டும் ஓங்கி எழும்பினால் அதைக் கடலில் காவென்ட்ஸ்மன் என்பார்கள் என்றும் சொன்னார். காதை மடக்குமா, வாலைத் தூக்குமா, என்ன அடையாளம் பார்த்தீர்கள் என்று விடாமல் கேட்டேன்.

அவர் ஜெர்மனில் சொன்னது தமிழில் இப்படி வரும்: “மாசாமாசம் எடை போடுவோம். ஆயிரத்து எழுநூறு, அதுல மாத்தமே இல்ல. ஆனா சில நாள் கதவைத் திறந்தா, நேத்தைக்கு இருந்ததவிட பெருசா நிக்கும். நான் அது காதைப் பார்க்கலம்மா. என் வயித்தைப் பார்த்தேன். கலங்குச்சுன்னா உள்ள போகமாட்டேன்.”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். ஏழு வார்த்தையும் மிருகத்தின் அளவே இல்லை. அந்த மனிதரின் பயத்தின் அளவு. மூன்று வருஷம் தினமும் அளந்து வைத்திருக்கிறார், நானும் கத்திரியும் சேர்ந்து அதைத் துடைத்து எறிந்துவிட்டோம்.

கத்திரியிடம் போய்ச் சொன்னேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும், மனுஷர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விலா எலும்பைத் தீவனத்திலிருந்து தானே எடுத்தார். காவென்ட்ஸ்மனுக்கு இங்கிலீஷில் என்ன போடுவது என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். பயந்தார் என்று போடலாம் என்றேன். அவர் எழுதாததை அவர் வாயில் திணிக்க முடியாது என்றார். கடைசியில் ஏழு சொல்லையும் ஜெர்மனிலேயே விட்டுவிட்டு, கீழே குறிப்பு எழுதினோம். காவென்ட்ஸ்மன் என்று வரும் நாளில் பராமரிப்பாளர் உள்ளே போவதில்லை, காரணம் அவருடைய கண்ணுக்கு மிருகம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கத்திரி தன் கையால் நான்கு வரி கூட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை ஜூவிலிருந்து பதில் வந்தது. திருத்தத்துக்கு நன்றி, கோப்பில் சேர்த்துவிட்டோம், எங்கள் பராமரிப்பாளர் அனுபவசாலி, அச்சம் அறியாதவர், வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் மாற்றமில்லை.

அச்சம் அறியாதவரிடம் வீட்டில் சொன்னேன். பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினால் இன்னும் வீம்பு பிடிப்பார் என்று அடக்கிக்கொண்டேன்.

“போகாதீங்கன்னு சொல்லல. கதவைத் திறந்ததும் ஒரு நிமிஷம் நின்னு, அது எவ்வளவு பெருசுன்னு பாருங்க. எனக்காக அவ்வளவு பண்ணா போதும்.”

இவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அதிகாரி மைக் பிடித்து ஒரு பாட்டம் பேசினார். கேமராக்கள் தயாராக இருந்தன. காண்டாமிருகம் சுவரோரம் அசையாமல் நின்றது, தூங்குகிறதோ என்றுகூடத் தோன்றியது. இவர் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் நீளக் கைப்பிடி வைத்த பிரஷுமாக வந்தார். புதுச் சட்டை. இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துக் கதவை ஒரு ஆள் நுழையும் அளவு திறந்தார். நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். கூட்டத்தில் யாரோ கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். பிறகு இவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதிகாரியிடம் நடந்து வந்தார். மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“இன்னைக்கு வேண்டாம் சார். இன்னைக்கு அது பெருசா இருக்கு.”

“நேத்தும் இதே சைஸ்தானே இருந்துச்சு?”

“ஆமா சார். எடை அதேதான்.”

கூட்டம் சிரித்தது. சரி, அதற்குப் பிறகாவது அந்தக் காண்டாமிருகம் ஒரு முட்டு முட்டி இவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். கதவில் ஒரு இடி, ஒரு உறுமல், ஏதாவது ஒன்று. சாயங்காலம்வரை அது ஒன்றுமே செய்யவில்லை. தின்றது, சாணம் போட்டது, படுத்தது. பத்திரிகைக்காரர்கள் சாத்திய கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் கூட வேலை செய்கிறவர்கள் இவரைக் கன்னுக்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்தவர் உள்ளே வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நான் பயந்துட்டேனா?”

“ஆமாங்க. பயந்துட்டீங்க” என்றேன். அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன். மானம் போனால் போகிறது, ஆள் முழுசாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவர் என்னைத் தேற்றவில்லை. அந்தப் பெரியவர் நம்பர் இருக்கிறதா, போட்டுக் கொடு என்றார். என்ன பேசப் போகிறீர்கள், அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு ஜெர்மன் தெரியாது என்றேன்.

“நீ இருக்கியே. எனக்கும் வயிறு கலங்குச்சுன்னு சொல்லு.”

போட்டேன், சொன்னேன். அந்தப் பக்கம் பெரியவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எவ்வளவு பெரிதாக இருந்தது? நான் அதைத் தமிழில் இவரிடம் கேட்டேன். இவர் படியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் விரித்தார். போதவில்லை. கால் விரலில் எம்பி நின்று, இன்னும் அகலமாக விரித்து, என்னைப் பார்த்து, “சொல்லு” என்றார்.