ஐந்து லிட்டர், ரேக் பதினான்கு

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து நான் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கராக இருக்கிறேன். இடம், ரேக் பதினான்கு, மூன்றாவது தட்டு. இருப்புக் கணக்கில் அப்படித்தான் இருக்கிறது.

தப்பு என்னுடையது. ஒரகடத்தில் எங்கள் கிடங்கில், வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பூஜையன்று பொட்டு வைப்போம். எடை மெஷினுக்கு, தள்ளுவண்டிக்கு, சரக்கு எண்ணும் நான்கு ரோபோக்களுக்கு. சந்தனம் பாதியில் தீர்ந்துவிட்டது. பெட்டிகளில் ஒட்டும் டேக் சுருள் கையில் இருந்தது. வட்டமான வெள்ளை ஸ்டிக்கர். அதை ஒட்டி, மேலே குங்குமம் வைத்தேன். கடைசியில் ஒன்று மிஞ்சியது. நானும் வேலை செய்கிறவன்தானே என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு டேக்கும் ஒரு பொருளின் பெயரில் முன்பே பதிவாகியிருந்தது. எடை மெஷின் அன்றைக்கே மிக்சியாக சேலம் போய்விட்டது. அங்கிருந்து யாரும் புகார் சொல்லவில்லை.

மறுநாள் ரோபோ என்னைக் கண்டுபிடித்தது. முழங்கால் உயர வண்டி, மேலே நீளமாக ஒரு கம்பம். ரேக்குகளுக்கு நடுவே உருண்டு, ரேடியோ அலையில் டேக்குகளைப் படிக்கும். என் எதிரே வந்து நின்றது. கம்பத்தின் உச்சியில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் சரக்கு கிடைத்துவிட்டது.

சூப்பர்வைசர் புஷ்பராணி மேடத்திடம் ஓடினேன்.

"மேடம், நான் தணிகாசலம். பதினோரு வருஷமா இங்க வேலை பாக்குறேன்."

அவர் திரையைப் பார்த்தார். "தணிகாசலம் சீட்லதான இருக்காரு?"

திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலியில் டேக் இல்லாத ஒரு குக்கர் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் என் அடையாள அட்டை. காலையில் என்னைவிட ஐந்து நிமிடம் முன்னதாக வந்திருந்தது.

"அது குக்கர் மேடம்."

"அதுல டேக் இல்லையே. டேக் இல்லாதது எப்படி குக்கர் ஆகும்? ஆளும் சரியா இருக்கு, சரக்கும் சரியா இருக்கு. குழப்பாதீங்க."

"நான் வீட்டுக்குப் போகணும் மேடம்."

"ஆர்டர் வந்தா போலாம்."

நகத்தால் டேக்கைச் சுரண்டினேன். டேக் வரவில்லை. புருவம் வந்தது.

வாசலை நோக்கி ஓடினேன். வாசல் ரேக் இருபதுக்கு அடுத்து. இருபது வந்தது. பிறகு இருபத்தொன்று வந்தது. தொண்ணூறு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணப் பயமாக இருந்தது. பின்னால் ரோபோ வந்துகொண்டிருந்தது. அது அவசரப்படவில்லை. நான் நின்ற இடத்தில் பலகை இருந்தது. ரேக் பதினான்கு.

மூன்றாவது தட்டில் ஏறி உட்கார்ந்தேன். இருபுறமும் குக்கர்கள். நான்கு நாள் போயிற்று. பசிக்கவே இல்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஐந்தாம் நாள் லோடு ஏற்றும் ஜபருல்லா ஒரு சீட்டோடு வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு ஆர்டர் வந்திருக்கு."

"எங்க?"

"படப்பை. மல்லிகான்னு போட்டிருக்கு."

மல்லிகா என் மனைவி. எங்கள் வீட்டுக் குக்கரில் ஆவி நிற்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் போதும். என்னைத் தெரியாமலா போய்விடும்?

நானே அட்டைப்பெட்டிக்குள் இறங்கி, முழங்காலை மடக்கிக்கொண்டேன்.

"விசில் வருமாண்ணே?" என்று கேட்டான் ஜபருல்லா.

"வராதுடா. சின்ன வயசுலயே வராது."

"சொல்லாதீங்க. ரிட்டர்ன் அனுப்பிடுவாங்க. ரிட்டர்ன் வந்ததை நசுக்கிருவோம்."

டேப் ஒட்டினான். லாரி போனது. பிறகு எங்கள் வீட்டுப் படியின் வாசம் வந்தது. மல்லிகா கதவைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

"என்னங்க, குக்கர் வந்துடுச்சு!"

"பிரிச்சுப் பாரு," என்று உள்ளேயிருந்து என் குரல் சொன்னது.

பெட்டி திறந்தது. மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் பெயரைச் சொன்னேன். கட்டைவிரலால் என் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, தட்டிப் பார்த்தாள்.

"கனமாத்தான் இருக்கு," என்றாள்.

"இன்னைக்கே பருப்பு வெச்சுப் பாரு. விசில் வரலைன்னா திருப்பிடலாம்," என்றது உள்ளேயிருந்து அதே குரல்.

அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பருப்புக்கு மல்லிகா எப்போதும் நான்கு விசில் விடுவாள். நான் உதட்டைக் குவித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.